குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்த பலகை

செங்கோட்டையில் வடிவு அக்காவின் மரப்பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பட்டறையில் குத்தாலிங்கம் என்று ஓர் ஆள் இருந்தான். வேலையில் கெட்டிக்காரன், வாயில் மகா கெட்டிக்காரன். ஆனால் ஆண்டவன் அவனுக்கு ஒரு குறை வைத்துவிட்டான். வாய் ஓட ஆரம்பித்தால் அவனுக்குக் கை நின்றுபோகும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிற வித்தை அவனுக்குக் கைவரவே இல்லை.

உப்புத்தாளை வைத்துக் கையால் மரம் தேய்த்த காலத்தில் இதனால் யாருக்கும் கேடில்லை. கதை சொல்வான், கை நிற்கும், மரம் அது பாட்டுக்குக் கிடக்கும். வேலை கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். போன மாதம் வடிவு அக்கா கரண்டில் ஓடுகிற சாண்டர் மெஷின் ஒன்றை வாங்கி வந்தாள். கைக்கு அடக்கமான சாமான். அடியில் வட்டமாக உப்புத்தாள் ஒட்டியிருக்கும், பின்னால் தூசி பிடிக்க ஒரு பை தொங்கும். சுவிட்சைத் தட்டினால் ஙொய் என்று சுற்றும். வருசக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இற்றுப்போயிருந்த குத்தாலிங்கம் அதைக் கையில் வாங்கியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்ததும் அதைத் துண்டால் துடைத்துத்தான் வைப்பான். அப்படி அவன் தன் முகத்தைக்கூடத் துடைத்தது கிடையாது.

அக்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மெசினு உன் பொறுப்பு, குத்தாலிங்கம். ஆனா ஒரு சாமான் கெட்டுப்போச்சுன்னு எவனாவது வந்து நின்னான்னு வையி, மெசினு தங்கப்பழத்துக்கு. நீ பழையபடி உப்புத்தாளத் தூக்கிக்கிட்டு மூலையில உக்காரு."

தங்கப்பழம் பட்டறையின் இன்னொரு ஆள். குத்தாலிங்கத்தை விட இளையவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மெஷினைப் பார்க்கும்போதெல்லாம், பந்தியில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கிறவன் மாதிரி பார்ப்பான்.

இப்போது ஒரு நாள் காலையில் நடந்த விபரீதத்தைச் சொல்ல வேண்டும். மசூது என்று ஒரு பரோட்டா மாஸ்டர். ஊரிலுள்ள கடைகளிலெல்லாம் சம்பளத்துக்கு நின்று மாவு வீசியவர், வருகிற வெள்ளிக்கிழமை சொந்தமாகக் கடை திறக்கிறார். மாவு தட்டி வீச, அயனி மரத்தில் ஒரே துண்டாகப் பெரிய பலகை ஒன்று சொல்லியிருந்தார். மட்டமாக இருக்க வேண்டும், வழவழவென்று இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். குத்தாலிங்கமும் மெஷினை வைத்து அருமையாகத் தேய்த்துக்கொண்டு வந்தான். பலகையின் நடு மத்திக்கு வந்திருப்பான், அந்நேரம் பார்த்துத் தெருவில் போன ஒருத்தர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, புது மெசினா?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். வாய் கிளம்பியது, கை நின்றது. ஆனால் மெஷின் நிற்குமா? அது பாட்டுக்கு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சைக்கிள்காரர் தப்பித்து ஓடிய பிறகு குத்தாலிங்கம் குனிந்து பார்த்தான். பலகைக்கு நட்ட நடுவில், ஒரு பப்படம் அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது.

சட்டென்று மெஷினை அணைத்தான். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். அக்கா தாழ்ப்பாளும் கீலும் வாங்க மத்தியான பஸ்ஸில் தென்காசி போகிறாள். தங்கப்பழத்தை ஏதாவது சொல்லி வெளியே அனுப்பிவிடலாம். மசூது மாஸ்டர் சாயந்தரம்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பலகையைச் சரிக்கட்டிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் அக்காவின் குரல் கேட்டது. "வாங்க மாஸ்டர், வாங்க. ஒங்க பலகைதான் ஓடிக்கிட்டிருக்கு."

குத்தாலிங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே தாவாகத் தாவி, வேலை மேசைமேல் கிடந்த பலகையில் ஏறி, குழிக்கு நேர் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே வந்த மசூது மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, நான் மாவு தட்டுற எடத்துல நீரு ஏறி உக்காந்திருக்கீரு?"

"காய வைக்கேன் மாஸ்டர்."

"ஈரமே படலயேவே. என்னத்தக் காய வைக்கீரு?"

"வேர்வைய," என்றான் குத்தாலிங்கம். "வேலை அப்படி."

தங்கப்பழம் கையிலிருந்த உளியை வைத்துவிட்டு அருகே வந்தான். அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "அண்ணே, எறங்குங்க. மாஸ்டர் தடவிப் பாக்கட்டும்."

"தொடப்பிடாதுலே!" குத்தாலிங்கம் போட்ட சத்தத்தில் அக்காவே ஓர் எட்டுப் பின்னால் போனாள். "நான் தேய்ச்ச சாமான ஒடனே தொட்டா கை நிக்காது, வழுக்கிட்டுப் போயிரும். ஆலங்குளத்துல ஒரு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

யாருக்கும் தெரியாது. அவனுக்கும் அந்த நிமிஷம்வரை தெரியாது. ஆனால் வாய் திறந்தாயிற்று.

"மேசை நீளம்னா அப்படி ஒரு நீளம். இந்தத் தலையில அடுப்பங்கரை, அந்தத் தலையில டாக்டரு. டாக்டரம்மா இட்லித் தட்ட இங்கன வச்சு ஒத்த விரலால தட்டுனாப் போதும். தட்டு பையக் கெளம்பும். வழியில மாமனாருக்கு ரெண்டு இட்லி எறக்கும், பிள்ளையளுக்கு ரெண்டு ரெண்டா எறக்கும், மிச்சத்தோட டாக்டர்ட்ட போய் நிக்கும்."

"தட்டு எப்படிண்ணே இட்லி எறக்கும்?" என்றான் தங்கப்பழம்.

"அந்த வீட்டுலயே பொழங்குன தட்டுலே. யாரு எத்தன திம்பாங்கன்னு அதுக்குத் தெரியாதா?"

"சாம்பாரு?" என்று கேட்டாள் வடிவு அக்கா.

"சாம்பார ஊத்தப் பயந்துட்டாங்கக்கா. ஒரேயொரு நா ஊத்துனாங்க. அது மேசையத் தாண்டி, டாக்டரத் தாண்டி, வாசலத் தாண்டி, எதுத்த வீட்டு இட்லியில போய் நின்னுட்டு. எதுத்த வீட்டுக்காரன் அன்னையிலருந்து சாம்பாரே வைக்கதில்ல, காத்துக்கிட்டு இருக்கான்."

மசூது மாஸ்டர் சிரித்துவிட்டார். குத்தாலிங்கத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சிரிக்கிற ஆள் தடவிப் பார்க்க மாட்டான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. "அதே மேசையில ஒரு ஈ வந்து உக்காந்துச்சு மாஸ்டர். பாவம், ஆறு காலும் ஆறு தெசைக்குப் போயிட்டு. டாக்டர் வீடுல்லா? அங்கனயே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டாங்க."

அக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். அவள் பஸ் ஏறிவிட்டால் பாதிக் கண்டம் தாண்டியது. ஆனால் அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம்?" என்றாள்.

குத்தாலிங்கத்துக்கு அழுகை வந்தது. கதை நன்றாக இருக்கிறதென்று அவள் உட்கார்ந்துவிட்டாள். கதையைக் கெடுக்கலாம் என்றால் அவனுக்கு அது வராது. பிறவிக் கோளாறு.

"அப்புறம் என்ன, பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிதான்," என்றான்.

"எந்த ஊரு?" என்றார் மாஸ்டர்.

"பேரு சொன்னா வழக்காயிரும். மேக்க ஒரு ஊருன்னு வச்சிக்கிடும். நாற்காலிய நாந்தான் தேய்ச்சேன். தலைவரு மாலையும் கழுத்துமா வந்து உக்காந்தாரு. உக்காந்தவரு நிக்கல. அப்படியே வழுக்கி, மேசைக்கு அடியில பூந்து, படி எறங்கி, ரோட்டோட போயி பஸ் ஸ்டாண்டுலதான் எந்திரிச்சாரு. பதவி காலின்னு நெனச்சு துணைத்தலைவரு ஓடிவந்து உக்காந்தாரு. அவரும் பஸ் ஸ்டாண்டு. பொறவு மெம்பருங்க ஒவ்வொருத்தரா. சரி, எல்லாரும் இங்கனதான இருக்கோம்னு பஸ் ஸ்டாண்டுலயே கூட்டத்தப் போட்டாங்க. அங்கன நின்னதுக்கு அப்புறந்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது, அந்த ஊருக்கு பஸ்ஸே வரலன்னு. மக்காநாளே பஸ் விட்டாச்சு."

"இப்ப அந்த நாற்காலி?"

"இருக்கு. உக்காரத்தான் ஆளு இல்ல. நின்னுக்கிட்டேதான் ஆட்சி நடக்கு. ஊரு நல்லாருக்கு."

தங்கப்பழம் விடுகிற ஆளில்லை. "அண்ணே, மெசினு வந்தே ஒரு மாசந்தான் ஆவுது. நீங்க சொல்லுதது எல்லாம் எப்ப நடந்துது?"

இந்தக் கேள்விக்கு வேறு யாராவது என்றால் தடுமாறியிருப்பார்கள். குத்தாலிங்கம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதெல்லாம் கையால தேய்ச்சதுலே. கைக்கே அந்தக் கதின்னா மெசினுக்கு என்னன்னு யோசி. மெசினு வந்த பொறவு நடந்தத நான் இன்னும் வெளிய சொல்லல. சொன்னா சர்க்கார்ல இருந்து வந்து கூட்டிட்டுப் போயிருவான்."

"சர்க்கார் வாரதுக்குள்ள சொல்லு," என்றாள் அக்கா.

"போன ஞாயித்துக்கிழமை. சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு. பட்டறையில யாருமில்ல. மெசின மரத்துல பதிச்சு வச்ச பொறவுதான் சுவிட்சப் போடணும், தெரியும்லா? நான் பதிச்சுத்தான் வச்சேன். ஆனா மரத்துல இல்ல, வாசப்படியில. போட்டேன் பாருங்க சுவிட்ச. கெளம்பிட்டு! விட மனசில்ல, அக்கா வாங்கிக் குடுத்த மெசினுல்லா? இறுக்கப் பிடிச்சுக்கிட்டேன். தெருவத் தாண்டி, கடைத்தெருவத் தாண்டி, மேக்க மலை ரோட்டுல இழுத்துக்கிட்டு ஏறுது. செக்போஸ்டுல கை காட்டுனாங்க. நிக்க முடியல. நானும் கை காட்டிட்டுப் போயிட்டேன்."

"ரோடு என்னாச்சுவே?" என்றார் மசூது மாஸ்டர். அவர் பலகையை மறந்தே போய்விட்டார்.

"வழவழன்னு ஆயிட்டு. பின்னால வந்த லாரிக்காரனெல்லாம் எஞ்சின அணைச்சுட்டு சும்மா உக்காந்து வந்தான். புனலூர்ல போயி டீசல் டேங்கப் பாத்தா, கெளம்பும்போது இருந்தத விட ரெண்டு லிட்டர் கூட இருக்கு."

"மேட்டுல லாரி எப்படிண்ணே எஞ்சின் இல்லாம ஏறும்?"

"லாரி ஏறலலே. மேடு எறங்கிட்டு."

தங்கப்பழம் தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் பிரகாசமானது. ஆளை மடக்கப் பிடி கிடைத்துவிட்டது. "அண்ணே, மெசினு ஒயரு இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கே எட்டாது. புனலூர் வரைக்கும் எப்படி எட்டுச்சு?"

 குத்தாலிங்கம் ஒரு பெருமூச்சு விட்டான்.

"நல்ல கேள்வி. ஒயரு எட்டல. தெரு முக்குலயே பிளக்கு புடுங்கிட்டு. ஆனா அது மெசினுக்குத் தெரியாதுல்லா? யாரும் போயிச் சொல்லல. நானும் சொல்லல. சொன்னா மனசு ஒடிஞ்சிரும்னு விட்டுட்டேன். அது பாட்டுக்கு ஓடிச்சு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தூரத்தில் தென்காசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் காதில் அது விழவே இல்லை. குத்தாலிங்கத்தின் காதில் நன்றாக விழுந்தது. பஸ் போய்விட்டது, போட்ட கணக்கும் போய்விட்டது. இனி இந்த மூன்று பேரும் அலுத்து எழுந்து போகும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் ஒரு கால் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் ஒரு விரற்கடைகூட அவன் நகரவில்லை.

"திரும்பி வார வழியில குத்தாலம்," என்று அவசரமாகத் தொடங்கினான். "எம்பேரே அந்த ஊருச் சாமி பேரு. பாத்தா அருவிப் பாறை சொரசொரன்னு கெடக்கு. மனசு கேக்குமா? போற போக்குல ஒரு ஓட்டு ஓட்டிட்டேன். அப்புறம் தண்ணி வந்துது பாரும், பிடிச்சு எறங்க அதுக்கு ஒண்ணுமில்ல. குளிக்க நின்னவன் தலை நனையுததுக்கு முன்னாடி சித்தாத்துல இருக்கு. சித்தாறு நனையுததுக்கு முன்னாடி தாமிரவரணியில இருக்கு. தலை நெறைய எண்ணெ தேச்சு நின்னவனெல்லாம் எண்ணெயோடயே ஊருக்குப் போனான். அன்னைக்கு விழுந்த தண்ணியோட சத்தம் மக்காநா காலையிலதான் கேட்டுது."

"இப்ப ஒழுங்காத்தான விழுது?" என்றாள் அக்கா.

"நாந்தான் திரும்பப் போயி, எண்பதாம் நம்பர் முரட்டுத் தாளப் போட்டுச் சொரசொரப்பாக்கிட்டு வந்தேன். ஊருக்குக் கெடுதல் செய்யப்பிடாதுல்லா."

இந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். மூன்று பேரும் சிரித்துக் களைத்திருந்தார்கள். மாஸ்டர்கூட, "சரி அண்ணாச்சி, சாயந்தரமே வாரேன்," என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஆனால் வழியனுப்பும்போது ஒரு கதையைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் குத்தாலிங்கத்துக்குச் சோறு இறங்காது.

"அருவி என்ன அருவி," என்றான். "இந்தப் பலகைக்கு முன்னால அதெல்லாம் வெறுங்கல்லு. இதுல கண்ணே நிக்காது மாஸ்டர். பாத்தா பார்வை வழுக்கிட்டுப் போயி சுவத்துல முட்டும். காலையில மோட்டுவளையில இருந்து ஒரு பல்லி இதுல விழுந்துச்சு. இன்னும் போய்க்கிட்டு இருக்கு. இதுல ஒண்ணும் ஒரு நொடி தரிக்காது. மனுசன், மாடு, எது வந்தாலும் சரி, வச்ச எடத்துல இருக்காது."

மாஸ்டர் வாசலில் நின்றார். திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக்கூடாது. எதுவுமே நிக்காதுன்னா, நீரு எப்படிவே இம்புட்டு நேரமா ஆடாம அசையாம உக்காந்திருக்கீரு?"

குத்தாலிங்கம் அவசரமாக யோசித்தான்.  உட்கார்ந்திருந்தால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். எழுந்தால் குழி தெரிந்துவிடும். பெயரா, மெஷினா? தங்கப்பழம் கைகளைக் கட்டிக்கொண்டு ஆவலோடு நின்றான். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

பெயர்தான் ஜெயித்தது. "இந்தா, வழுக்குதுல்லா!" என்று கத்திக்கொண்டே குத்தாலிங்கம் தன்னைத்தானே ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டான். குழி கொஞ்சம் பிடித்து இழுத்தது. இன்னொரு தள்ளுத் தள்ளினான். பலகையின் விளிம்பைத் தாண்டி, மரத்தூள் குவியலில் தொப்பென்று விழுந்தான்.

மாஸ்டர் அவனைத் தூக்கிவிட வரவில்லை. நேராகப் பலகைக்குப் போனார். பரோட்டாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பலகையோ கல்லோ புதிதாக வாங்கினால் கண்ணையும் நம்ப மாட்டார்கள், கையையும் நம்ப மாட்டார்கள். எண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய் பாட்டிலை எடுத்து, பலகையில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக ஊற்றினார்.

எண்ணெய் ஒரு கணம் நின்றது. பிறகு நாலா பக்கத்திலிருந்தும் பையப் பைய நடுவுக்கு நடந்து, குழிக்குள் வட்டமாகக் கூடி, மினுமினுவென்று உட்கார்ந்துகொண்டது.

"பாத்தேரா!" என்றான் குத்தாலிங்கம், தரையில் கிடந்தபடியே. "மத்த எடமெல்லாம் அம்புட்டு வழவழப்பு. எண்ணெய்க்கு நிக்க எடமில்ல. பயந்து நடுவுல போயி ஒளிஞ்சுக்கிட்டு."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். "ஊரையே கூப்பிட்டிருக்கேன் அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "எங்க அம்மாவ மொத பரோட்டா போடச் சொல்லியிருக்கேன். இம்புட்டு நாளும் அடுத்தவன் பலகையிலதான் தட்டுனேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்னு கேட்டேன், நீரு கொளம் வெட்டி வச்சிருக்கீரு."

அவர் திட்டியிருந்தால் குத்தாலிங்கம் பதிலுக்கு ஒரு கதை விட்டிருப்பான்.  அவர் அப்படிச் சொன்னதும், மரத்தூளைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் எழுந்து நின்றான்.

 வடிவு அக்கா மெஷினை எடுத்தாள், தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினாள். தங்கப்பழம் இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

"எக்கா," என்றான் குத்தாலிங்கம். "மெசின நாளைக்கு அவனுக்கே குடுத்துரு. இந்தப் பலகைய மட்டும் நான் சரிபண்ணிக் குடுத்துருதேன். கனமான பலகைதான், தேய்ச்சு எறக்க எடமிருக்கு. மாஸ்டர் மொகத்தப் பாக்க முடியல."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தூசிக்கு மூக்கில் கட்டுகிற துணியை எடுத்து, அவன் வாயை அடைத்து, பின்னந்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் தன் கைக்குட்டையை வைத்து இன்னொரு முடிச்சும் போட்டாள். "இப்ப ஓட்டு," என்றாள்.

குத்தாலிங்கம் எண்ணெயைத் துடைத்தெடுத்தான். ஒரு பென்சிலை எடுத்துப் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கினான். குழிக்குள்ளும் கிறுக்கினான். முரட்டுத் தாளை மாட்டி, மெஷினைப் பலகையில் பதித்துவைத்துச் சுவிட்சைப் போட்டான். குழியை மேலே கொண்டுவர யாராலும் ஆகாது. மற்ற இடத்தையெல்லாம் குழியின் மட்டத்துக்கு இறக்கியாக வேண்டும். மர ரேகை போகிற போக்கில், ஓரம் முதல் ஓரம் வரை, ஒரு தடம் போனால் அடுத்த தடம் அதில் பாதியை ஏறி மிதிக்கிற மாதிரி, அவசரமில்லாமல் கொண்டுபோனான். விளிம்பில் சாய்க்கவில்லை. எங்கேயும் நிறுத்தவில்லை. பென்சில் கோடுகள் மேட்டில் முதலில் அழிந்தன, பிறகு பள்ளத்தின் ஓரத்தில் அழிந்தன.

தங்கப்பழத்துக்கு வயிறு எரிந்தது. அவன் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, புனலூர் போன லாரி திரும்பி வந்துட்டாண்ணே?" என்று கேட்டான்.

குத்தாலிங்கத்தின் கண்கள் இரண்டும் பிதுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த லாரி எங்கே போனது, என்ன ஆனது, எந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியது என்பதெல்லாம் தொண்டைவரை வந்து முட்டியது. துணி உப்பிச் சுருங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. வாய்க்கு வழியில்லை என்றதும் அவன் கை தன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

முரட்டுத் தாள் போய் நடுத்தரத் தாள் வந்தது, அது போய் நைசுத் தாள் வந்தது. கடைசிப் பென்சில் கோடு குழி இருந்த இடத்தின் நடுவில் மங்கி மறைந்தது. மெஷினை நிறுத்தி, பலகையைத் துடைத்துவிட்டு அவன் விலகி நின்றான்.

மாஸ்டர் எண்ணெய் ஊற்றினார். ஊற்றிய இடத்திலேயே எண்ணெய் நின்று, நாலு பக்கமும் ஒரே மாதிரி பரவியது. பலகையின் நாலு மூலையிலும் ஊற்றிப் பார்த்தார். எங்கேயும் அது நடக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்து ஓட்டினார். இல்லாத மாவைத் தட்டினார், இல்லாத பரோட்டாவை வீசினார். அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"நான் பொறந்ததுல இருந்து இப்படி ஒரு பலகையத் தொட்டதில்ல," என்றார்.

வடிவு அக்காவும் தடவிப் பார்த்தாள். "சரி, மெசினு ஒங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "ஆனா இந்தத் துணியும் மெசினோட சேந்த சாமான்னு வச்சிக்கோ." தங்கப்பழம் போய் உளியை எடுத்துக்கொண்டான்.

அக்கா முடிச்சுகளை அவிழ்த்தாள். மாஸ்டர் குத்தாலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எப்படிவே செஞ்சீரு? சொல்லும். இதுல என்ன வித்தை இருக்கு?"

மூன்று பேரும் கிட்டே வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் முழுக்க அடைத்துவைத்த வாய், என்ன வரப்போகிறதோ என்று தங்கப்பழமே ஸ்டூலை இழுத்துப் போட்டான்.  குத்தாலிங்கத்துக்கு மனசு நிறைந்து இருந்தது. எதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

"வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல மாஸ்டர்," என்றான். "நான் அமுக்கவே இல்ல. மெசினோட எடையே போதும். சும்மா கைய மேல வச்சு, நிறுத்தாம நகத்திக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தங்கப்பழத்தைப் பார்த்தாள். மாஸ்டர் அவன் கையை விட்டுவிட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. தட்டு இட்லி எறக்குனத நம்புனேன். லாரியில டீசல் கூடுனத நம்புனேன். அதுக்காவ இப்படி அநியாயத்துக்குப் புளுகப்பிடாதுவே."